ஒரு நாட்டின் ஒரு மாத மழையை ஒரே எண்ணாக்கிய கதை

"ஜூலை மாதத்தில் நாடு முழுவதும் இயல்பைவிட இத்தனை சதவீதம் குறைவாக மழை பெய்துள்ளது." வருஷா வருஷம் பேப்பரில் வருகிற வரிதான். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இது ஒரு வினோதமான வாக்கியம். நாடு முழுவதும் என்றால் எந்த நாடு? மேகாலயாவையும் ஜெய்சல்மரையும் எப்படி ஒன்றாகக் கூட்டினார்கள்? இயல்பு என்று முடிவு செய்தது யார்? மாதம் எத்தனை மணிக்கு முடிந்தது?

என் தொழில் மென்பொருள். பல இடங்களிலிருந்து வரும் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, கூட்டி, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் தள்ளுவது எங்களுக்கு அன்றாட வேலை. அதே வேலையை கம்ப்யூட்டர் இல்லாமல், பேனாவும் தந்தியும் வைத்துக்கொண்டு 1870களில் ஒரு துணைக்கண்டம் முழுவதற்கும் செய்யத் தொடங்கினார்கள் என்று தெரிந்ததும் ஆர்வம் பற்றிக்கொண்டது. அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கத்தில் ஆரம்பம்

கதை நம்ம ஊரில்தான் தொடங்குகிறது. 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792ல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. நோக்கம் நட்சத்திரம் பார்ப்பதுதான். கப்பலுக்கும் நில அளவைக்கும் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிய வேண்டும். வானிலை ஒரு துணை வேலை. ஜான் கோல்டிங்ஹாம் காலத்தில், 1796 முதல், வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்கப்பட்டன. சென்னையின் மழைக்கணக்கு 1813லிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஓர் ஊரின் மழை. இந்தியாவில் இவ்வளவு நீளமான தொடர் மிக அரிது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. கொட்டியபோது, "இதைவிட அதிகமாக 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்திருக்கிறது" என்று மறுநாளே சொல்ல முடிந்ததற்குக் காரணம், தினமும் காலையில் யாரோ ஒருவர் போய் அளந்து எழுதியதுதான்.

ஆனால் ஒரு ஊரின் கணக்கு வேறு, ஒரு நாட்டின் கணக்கு வேறு. அந்த வித்தியாசம் புரிவதற்கு நிறைய உயிர்கள் போக வேண்டியிருந்தது.

இரண்டு புயல், ஒரு பஞ்சம், ஒரு துறை

1864 அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவைப் புயல் தாக்கியது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1ஆம் தேதி மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு. அடுத்து 1866ல் ஒரிசா பஞ்சம். மழை தவறியது தெரிந்தும் அதன் அளவும் பரப்பும் நிர்வாகத்துக்கு நேரத்தில் உறைக்கவில்லை.

இதன் பிறகு மாகாணத்துக்கு ஒரு வானிலை அறிக்கையாளரை நியமித்தார்கள். வங்காளத்துக்கு ஒருவர், பஞ்சாபுக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர் என்று. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். ஆளுக்கொரு நேரத்தில் அளந்தார்கள். ஆளுக்கொரு கருவி. ஒருவர் பாரமானியை இன்னொருவர் பாரமானியோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. தரவு இருந்தது, கூட்ட முடியாத தரவு.

1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. ஹென்றி பிளான்ஃபோர்டு முதல் தலைவர். இவர் அடிப்படையில் புவியியலாளர். அரியலூர், உத்தட்டூர் பக்கம் போய் நத்தைகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கும் பாறைகளை வகைப்படுத்தி 1860களில் எழுதியவர். அரியலூர் பாறைத் தொகுதி என்று இன்றும் புவியியல் மாணவர்கள் படிப்பது அவர் பிரித்து வைத்த பிரிவுதான். அடுக்கடுக்கான பாறைகளை ஒழுங்குபடுத்திய ஆளை, அடுக்கடுக்கான பதிவேடுகளை ஒழுங்குபடுத்த உட்கார வைத்தார்கள்.

அவர் முதலில் செய்தது கணிப்பு அல்ல, ஒழுங்கு. எல்லா நிலையங்களும் ஒரே நேரங்களில் அளக்க வேண்டும். எல்லாப் பாரமானிகளும் கல்கத்தாவில் உள்ள தரக் கருவியோடு ஒப்பிடப்பட வேண்டும். அளவுகள் ஒரே படிவத்தில் வர வேண்டும். 1875ஆம் ஆண்டுக்கான முதல் அறிக்கை இப்படித்தான் வெளிவந்தது. பக்கம் பக்கமாக அட்டவணை. நிலையம் வாரியாக, மாதம் வாரியாக. 1890களிலிருந்து இதுவே மாதாந்திர வானிலைத் தொகுப்பாக வரத் தொடங்கியது. அந்தப் பழைய தொகுப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பொழுதுபோகாத ஞாயிற்றுக்கிழமையில் திறந்து பாருங்கள். திருநெல்வேலியும் ரங்கூனும் பெஷாவரும் ஒரே அட்டவணையில் வரும்.

ஒரே ஊரை வைத்துப் பஞ்சத்தைக் கணித்தவர்கள்

துறை தொடங்கிய மறு வருஷமே 1876–78 பெரும்பஞ்சம், நம்மூரில் தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் தொடங்கி வடக்கே பரவியது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் இறந்ததாகக் கணிக்கிறார்கள். இவ்வளவு சாவுக்கும் மழை மட்டும் காரணமில்லை. தானிய ஏற்றுமதி, நிவாரணத்தில் காட்டிய கஞ்சத்தனம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் "மழை ஏன் தவறியது, மறுபடி எப்போது தவறும்" என்ற கேள்வி ஆட்சியாளர்களைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வசதியான கேள்வியும்கூட. வானத்தின் மேல் பழி போட்டுவிடலாமே!

1877ல் இந்தியப் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் ஹன்டர் ஒரு பதிலோடு வந்தார். 1813 முதல் 1876 வரையிலான சென்னை மழையை எடுத்து, சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு பொருத்தினார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சங்களும் அதை ஒட்டியே வருகின்றன என்பது அவர் வாதம். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்து எழுதினார். லண்டன் பத்திரிகைகளில் நல்ல வரவேற்பு.

பிரச்சினை எங்கே என்று பாருங்கள். 64 ஆண்டு என்றால் 11 ஆண்டுச் சுழற்சி ஆறு முறைகூட முழுதாக வராது. அதைவிடப் பெரிய சிக்கல், சென்னை ஒரே ஒரு இடம். அதுவும் இந்தியாவின் மற்ற பகுதிகளைப் போல ஜூன்–செப்டம்பரில் பிரதான மழை பெறாமல், அக்டோபர்–டிசம்பரில் பெறும் இடம். சென்னையின் மழைமானியை வைத்து பம்பாய்க்கோ பஞ்சாபுக்கோ ஒன்றும் சொல்ல முடியாது. நீளமான தொடர் இருந்தது என்பதாலேயே அதைப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள். தெரு விளக்கு இருக்கிற இடத்தில் தொலைந்த சாவியைத் தேடுவது என்பார்களே, அதுதான்.

இந்த மாதிரி வாதங்களைச் சோதிக்க ஒரே வழி, நிலையங்களைப் பெருக்குவது. பிளான்ஃபோர்டு அதைத்தான் செய்தார். 1886ல் வெளியான இந்திய மழை பற்றிய அவருடைய பெரிய நூல், நாடு முழுவதிலுமிருந்து திரட்டிய மாத மழைக் கணக்குகளின் மேல் கட்டப்பட்டது.

யார் அளந்தார்கள்?

அறிக்கையின் அட்டையில் துரைமார் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் எண்களை எழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் கிடையாது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மழைமானி, காலையில் அளவுக் கண்ணாடியோடு போய்ப் பார்த்து நோட்டில் எழுத ஒரு குமாஸ்தா. அந்த நோட்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து மாகாணத் தலைநகர். அதுவரை நம் கிராமங்களில் மழையை "ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை" என்று மண் நனைந்த ஆழத்தால் சொன்னார்கள். பஞ்சாங்கம் மரக்கால் கணக்கில் சொன்னது. உழவு மழை விவசாயிக்குத் தேவையானதை நேராகச் சொல்லும் நல்ல அளவு. ஆனால் தஞ்சாவூர் வண்டலையும் கோவில்பட்டி கரிசலையும் கூட்டி வகுக்க அது உதவாது. மாநிலக் கணக்கு போட அங்குலம் தேவைப்பட்டது.

பெயர் தெரிந்த சிலரும் உண்டு. சென்னை வானாய்வுக்கூடத்தை முப்பது ஆண்டுகள் நடத்திய நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன், 1881 முதல் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளராக வேலை செய்தார். 1886ல் லண்டனில் உள்ள ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்பதால் சேர்க்கவில்லை. 1920ல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1885ல் வேலையில் சேர்ந்த ருசி ராம் சஹானி துறையின் முதல் இந்திய அதிகாரி. தினசரி வானிலை அறிக்கை தயாரிப்பது அவருடைய பொறுப்புகளில் ஒன்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற தாவரவியலாளர் பீர்பல் சஹானி இவருடைய மகன்.

1899: கணிப்பு தோற்ற வருஷம்

மாதக் கணக்குகள் பத்தாண்டு சேர்ந்ததும், அடுத்த கேள்வி வந்துவிட்டது: இதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? இமயமலையில் குளிர்காலப் பனி அதிகமாகப் பெய்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று பிளான்ஃபோர்டு 1884ல் எழுதினார். 1886 ஜூன் 4ஆம் தேதி முதல் அதிகாரபூர்வ பருவமழைக் கணிப்பு வெளியானது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் இதை விரித்தார். கணிப்பு அறிக்கை நீண்டுகொண்டே போனது.

1899ல் எலியட் நல்ல மழை வரும் என்றார். நடந்தது நேர் எதிர். நாட்டின் பருவமழை கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் விக்ரம ஆண்டு 1956ல் வந்ததால் "சப்பனியா", அதாவது ஐம்பத்தாறாம் வருஷப் பஞ்சம், என்று இன்றும் நினைவில் வைத்திருக்கும் கொடுமை அது.

அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு கவனிக்க வேண்டியது. 1901லிருந்து 1905 வரை கணிப்பு ரகசிய ஆவணமாக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தரவில்லை. கணிப்பு தவறினால் கணிப்பை ஒளித்து வைப்பது! டெஸ்ட் ஃபெயில் ஆனால் டெஸ்டையே தூக்கிவிடுகிற ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் மாதத் தொகுப்புகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. எந்தக் கணிப்பு எவ்வளவு தவறியது என்று இன்று நாம் பேச முடிவது அந்தத் தொகுப்புகளால்தான்.

உலகத்தின் மாதச் சராசரிகள்

1904ல் எலியட்டின் இடத்துக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதர். வானிலை படித்தவரில்லை. பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்ததால் "பூமராங் வாக்கர்" என்று பட்டப்பெயர். காரணம் தெரியாத இடத்தில் அவர் எண்களைப் பேச விட்டார். இந்தியாவின் மாத மழையை, உலகின் பல இடங்களின் மாதக் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழுக்களைக் கணக்கிட வைத்தார். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று எல்லா இடத்து மாதச் சராசரிகளும் இந்தியாவுக்கு வந்தன. கணக்கு போட்டவர்கள் அவர் அலுவலகத்து இந்திய எழுத்தர்கள். அன்று கம்ப்யூட்டர் என்றால் மனிதர்கள்தான்.

அதில் கிடைத்தது பெரிய புதையல். பசிபிக் பகுதியில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இது இறங்கினால் அது ஏறுகிறது. 1924ல் இதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். எல் நினோ என்று நாம் இன்று பேசும் விஷயத்தின் பாதி இது. 1969ல் ஜேக்கப் பியர்க்னஸ் பசிபிக் கடலின் சூட்டையும் இந்த அழுத்த மாற்றத்தையும் இணைத்து விளக்கி, அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே வைத்தார்.

வாக்கர் செய்த இன்னொரு வேலையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். நூறு ஜோடிகளை ஒப்பிட்டால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகப் பொருந்தும். ஆகவே சிறந்த பொருத்தத்தை மட்டும் எடுத்து மார்தட்டக் கூடாது என்று 1914ல் எழுதினார். அடுத்த வருஷமே சூரியப் புள்ளிகளை உலகின் பல நிலையங்களின் மழையோடு வைத்துச் சோதித்தார். உறவு மிகப் பலவீனமாகவே வந்தது. ஹன்டர் ஒரு ஊரை வைத்து எழுப்பியதை, வாக்கர் பல ஊர்களை வைத்து இறக்கிவைத்தார்.

எந்த நாடு, எந்த நாள், எந்த இயல்பு?

இனி அந்த ஒற்றை எண்ணுக்கு வருவோம்.

முதலில் நாடு. 1937 வரை பர்மா இந்தியாவோடு இருந்தது. 1947ல் பிரிவினை. "இந்தியாவின் மழை" என்ற பழைய அட்டவணையை அப்படியே இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால், வேறு வேறு நிலங்களை ஒப்பிடுகிறோம். இதைச் சரிசெய்தவர்களில் முக்கியமானவர் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் பார்த்தசாரதி. அவரும் சகாக்களும் இன்றைய இந்திய எல்லைக்குள், நாடெங்கும் பரவலாக 306 நிலையங்களைத் தேர்ந்து, மலைப்பகுதிகளை விட்டுவிட்டு, 1871 முதலான மாத மழைத் தொடரைக் கட்டினார்கள். 1994ல் வெளியான இந்தத் தொடரில் மிகக் குறைந்த பருவமழை 1877ல். தாது வருஷப் பஞ்சத்தின் நடு ஆண்டு.

அடுத்து கூட்டும் முறை. ஒரு மாவட்டம் 10,000 சதுர கி.மீ., மழை 100 மி.மீ. இன்னொன்று 2,000 சதுர கி.மீ., மழை 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சும்மா கூட்டி இரண்டால் வகுத்தால் 250. பரப்பளவுக்கு ஏற்ப எடை கொடுத்தால் 150. இரண்டுமே "சராசரி"தான். நிலத்தில் விழுந்த தண்ணீரைச் சொல்வது 150.

பிறகு நாள். இந்தியாவில் மழை நாள் நள்ளிரவில் முடிவதில்லை. காலை 8:30க்கு முடிகிறது. அப்போது அளக்கும் மழை, அளந்த தேதிக்குக் கணக்காகும். 2015ல் தாம்பரத்தை மூழ்கடித்த 49 செ.மீ. டிசம்பர் 2ஆம் தேதி மழையாகப் பதிவானது. அதில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1. நவம்பர் 30 ராத்திரி பெய்யும் மழை இதே விதிப்படி டிசம்பர் கணக்கில் சேரும். தப்பில்லை, ஒரு விதி வேண்டும், எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். பிளான்ஃபோர்டு போராடியது இதற்குத்தான்.

கடைசியாக இயல்பு. தென்மேற்குப் பருவமழையின் நாட்டுச் சராசரி 1951–2000 கணக்கில் 89 செ.மீ. 1961–2010 கணக்கில் 88. 2022ல் அறிவித்த 1971–2020 கணக்கில் 87. ஒரு வருஷம் 87 செ.மீ. பெய்தால், பழைய இயல்புப்படி 2 சதவீதம் குறைவு. புது இயல்புப்படி பற்றாக்குறையே இல்லை. அளவுகோலே மெல்ல நகர்கிறது.

"நாட்டில் இயல்பு" என்ற செய்தி

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்கும் 97 சதவீதம். அதாவது இயல்பு. இரண்டு வறட்சி ஆண்டுகளுக்குப் பிறகு நிம்மதி என்று தலைப்புச் செய்திகள். கணக்கு செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. நமக்கு மழை அதற்குப் பிறகுதானே! அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் பெய்ய வேண்டியது சுமார் 44 செ.மீ.; பெய்தது 17. பற்றாக்குறை 62 சதவீதம். டெல்டாவில் பயிர் கருகி விவசாயிகள் செத்தார்கள். 2017 ஜனவரி 10ஆம் தேதி அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

நாட்டு எண் பொய் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்கான பதில். சிக்கல் எங்கே வருகிறது என்றால், காப்பீடு, கடன், நிவாரணம் பற்றிய டெல்லிப் பேச்சு எல்லாம் அந்த நாலு மாத எண்ணைச் சுற்றியே ஓடும்போது. 1877ல் சென்னையின் மழையை இந்தியாவின் மழையாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது இந்தியாவின் மழையை நம் மழையாக எடுத்துக்கொள்கிறோம். திசை மாறியிருக்கிறது, தவறு ஒன்றுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், வானிலைத் துறை நாட்டை 36 உட்பிரிவுகளாகப் பிரித்து, மாவட்டம் வரைக்கும் தனித்தனிக் கணக்கும் வெளியிடுகிறது. இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் "இயல்பு". 20 முதல் 59 வரை குறைந்தால் "பற்றாக்குறை". 60ம் அதற்கு மேலும் குறைந்தால் "பெரும் பற்றாக்குறை". அடுத்த முறை நாட்டு மழைச் செய்தியைப் பார்க்கும்போது, உங்கள் மாவட்டத்தின் வரியையும் தேடிப் பாருங்கள். அது எந்த மாதங்களின் கணக்கு, எந்த முப்பது ஐம்பது வருஷத்தின் இயல்பு என்றும் பாருங்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் அந்த மழைமானியைப் பார்த்தால், மேலே மரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கத்தில் புதுச் சுவர் எழும்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். மழையை மறைத்துவிட்டால் 8:30க்கு யார் போய் அளந்தாலும் குறைவாகத்தான் வரும். மேலே போகும் எல்லா எண்களும் அந்தப் புனலுக்குள் விழும் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன.